பக்கிக்கு அக்ரிலிக் கண்ணாடியா? வேண்டாம் சாமி!

காட்டுல ஓட்டுற பக்கிக்கு (திட்டலைங்க, வண்டி பேரே அதான்) அக்ரிலிக் ஷீட்டே போதும்னு வாதாடுற மக்களே, கல்லு பட்டா அது கூர்கூரா உடையும். பின்னாடி இருக்கறது ஓட்டுறவன் மூஞ்சி! பாலிகார்பனேட் போடுங்க. வளையும், லேசுல உடையாது. செம்மண் தூசியோட துடைச்சா கீறல் விழும்தான்... அதுக்குத்தான் கழட்டி மாட்டுற மாதிரி செய்யச் சொல்றேன்.

ரோல் கேஜ் பைப்புல ஓட்டை போடாதீங்க. ரப்பர் வச்ச கிளாம்ப், விங் நட்டு போதும். ஷீட்டுல போடுற ஓட்டை மட்டும் போல்ட்டைவிடப் பெருசா இருக்கணும். சேலம் வெயில்ல பாலிகார்பனேட் இரும்பைவிட அதிகமா விரியும். லாரிக்கு பாடி கட்டுற நாமக்கல்லைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இதைக்கூட விசாரிக்கலைன்னா எப்படிங்க?

பீத்தம்பூர்ல 2007ல தொடங்கின பாஹா போட்டியில கண்ணாடி இல்லாமத்தானே ஓட்டுறாங்கன்னு கேப்பீங்க. அங்க ஹெல்மெட், காகிள்ஸ் கட்டாயம். நீங்க போடறீங்களா?