துருவும் தோலும்

நீலகிரிக்கு யாத்திரை போகிறவர்கள் மூடுபனியைக் கண்டு பரவசமடைகிறார்கள். அங்கேயே குடியிருப்பவர்களின் வீட்டு இரும்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும். உதகமண்டலத்தில் ஜூன் மாதம் பிடித்த மழை ஓய்வதற்குள் குன்னூரில் வடகிழக்குப் பருவம் வந்துவிடுகிறது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 60 பங்கைத் தாண்டினால் துரு விரைந்து படரும். இன்னும் சற்று ஏறினால் தோலில் பூஞ்சணம் பூக்கும்.

பழைய துப்பாக்கியும், தோலுறையும், தோட்டா வாரும் சில குடும்பங்களில் இன்றும் உள்ளன. இவை அற்ப வஸ்துக்களல்ல. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ் வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. நம்மவரோ லைசென்சுக்குக் காத்து நின்றார்கள். காந்தியடிகள் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அண்டையிலுள்ள குடகர்களுக்கு விலக்கு இருந்தது. கைல்போது பண்டிகையன்று அவர்கள் துப்பாக்கிக்குச் செங்காந்தட் பூச் சூட்டி வணங்குகிறார்கள். அக்காலத்தைக் கடந்து எஞ்சிய ஆயுதம் ஒவ்வொன்றும் சரித்திரத்துக்குச் சாட்சி.

அந்தச் சாட்சியைக் கெடுப்பது துரு மாத்திரமல்ல. நம்முடைய அதிக சிரத்தையுந்தான். உப்புக் காகிதத்தால் தேய்த்தால் துருவுடன் செய்தவன் பெயரும் வருஷமும் போய்விடும். துருவைப் பிறகும் நிறுத்தலாம். போன எழுத்து திரும்பாது.

முதற் காரியம், உள்ளே மருந்தோ தோட்டாவோ இல்லையென்று விஷயமறிந்தவரைக் கொண்டு நிச்சயித்துக்கொள்வது. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும்; அது எண்ணெயில் கரையாது. குழலை வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெய் பூச வேண்டும். தேங்காயெண்ணெய் உதவாது, மலைக் குளிரில் அது உறைந்துபோகும், நாளடைவில் சிக்கலெடுத்துப் புளிப்பேறும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுப் பூசினால் போதும். பிறகு வெறுங்கையால் தொடலாகாது. வியர்வையின் உப்பே துருவுக்கு வித்து. குளிர்ந்த துப்பாக்கியைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் கோக்கும். உடனே துடைக்க வேண்டும்.

தோலுறைக்குள்ளேயே ஆயுதத்தை வைத்திருப்பது பெருந்தவறு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்கள் அல்லவா? பட்டையால் பதனிட்ட தோலிலும் கடுக்காயின் துவர்ப்புச் சத்து உண்டு. அதனுடன் ஈரமும் இரும்பும் கூடினால் உறைக்குள் மைதான் தயாராகும்! தோலும் கறுக்கும், இரும்பும் அரிக்கும். இரண்டையும் பிரித்தே வைக்கவும்.

பூஞ்சணம் பூத்த தோலை வீட்டுக்கு வெளியே, நிழலில், மென்மையான பிரஷ்ஷினால் தட்டலாம். வெயிலும் கணப்பும் அதை வெடிக்கச் செய்யும். எண்ணெயை ஊற்றினால் தொளதொளத்துவிடும். பித்தளைக் கொக்கியின் பச்சைக் களிம்பை மரச் சிராயால் சுரண்டினால் போதும்.

இப்பொழுது அமுலிலிருப்பது 1959-ம் வருஷத்துச் சட்டம். பழுது பார்த்தாலும் சுட இயலாத புராதன ஆயுதங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அதை நாமே தீர்மானித்துக்கொள்ளாமல் அதிகாரிகளைக் கேட்பதே விவேகம்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் தாராளமாக இடுங்கள். மறுநாள் காலையில் மறவாமல் துடைத்து எண்ணெய் பூசுங்கள். இல்லையேல் சந்தனப் பொட்டு உதிர்ந்த இடத்தில் துருப் பொட்டு நிலைத்துவிடும்.