ஆடு வளர்ப்பவள் விவசாயி இல்லையா?

ஆண்டுதோறும் நவம்பர் 26ஆம் நாள், வர்கீஸ் குரியன் பிறந்த நாளில், மத்திய அரசு தேசிய கோபால் ரத்னா விருதுகளை வழங்குகிறது. 2021இல் தொடங்கிய விருது இது. பதிவுபெற்ற நாட்டு மாட்டினத்தையோ எருமையினத்தையோ வளர்க்கும் சிறந்த பால் விவசாயிக்கு முதற்பரிசு 5 லட்சம் ரூபாய். அடுத்தவர்களுக்கு 3 லட்சம், 2 லட்சம். மாடு வளர்ப்போரின் உழைப்பை நாடு மதிப்பதை வரவேற்கிறோம்.

ஆனால் ஆடு வளர்ப்பவளுக்கு அந்த மேடையில் இடம் எங்கே? கோழி வளர்ப்பவளுக்கு இடம் எங்கே?

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வெள்ளாடு 14.88 கோடி, செம்மறி 7.42 கோடி. இரண்டும் சேர்ந்தால் நாட்டிலுள்ள பசு, காளைகளின் தொகையான 19 கோடியை மிஞ்சும். வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிகள் மட்டும் 31 கோடிக்கு மேல். இவற்றை வளர்ப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள்.

தாராவியிலும் பெங்களூரிலும் பாடுபடும் நமக்கு இதை விளக்க வேண்டுமா? இங்கே பட்டறையில் வேலை நின்ற மாதம் ஊருக்குப் பணம் போவதில்லை. அந்த மாதம் ஊரில் அடுப்பு எரிவது எப்படி? எட்டயபுரம் சந்தைக்கு ஒரு கிடாய் போகிறது. பிள்ளையின் பள்ளிச் செலவு தீர்கிறது. முட்டை விற்ற காசில் மண்ணெண்ணெயும் மருந்தும் வருகின்றன.

இதில் திறமை இல்லையா? கரிசல் மானாவாரியில் நாலு கன்னி ஆடு, பத்துக் கோழி, ஒரு துண்டு சோளக்காடு. சோளத்தட்டை ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை காட்டுக்கு, சிந்திய தானியம் கோழிக்கு. எந்தக் கிடாயை இனத்துக்கு விடுவது, எந்தப் பெட்டையை அடை வைப்பது, வெள்ளைக்கழிச்சல் வருமுன் என்ன செய்வது, மழை பொய்த்த ஆண்டில் எதை விற்று எதைக் காப்பது — அத்தனையும் அவளுக்குத் தெரியும். ஒன்று போனால் மற்றொன்று தாங்கும்படி குடும்பத்தை நடத்துகிறாளே, அதற்குப் பெயர் மேன்மை இல்லையென்றால் வேறெதற்குப் பெயர்?

2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, ஆடுமாடு வளர்ப்போரும் கோழி வளர்ப்போரும் விவசாயிகளே என்று எழுதிவைத்தது. ஏட்டில் எழுதியது வீட்டுக்கு வரவில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம் நிலமுள்ள குடும்பத்தைத்தான் பார்க்கிறது. பட்டா மாமனார் பெயரில், கணவன் மும்பையில், பாடுபடுபவள் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை!

“விருது சோறு போடுமா?” என்று சிலர் கேட்கலாம். போடாதுதான். ஆனால் யாரை விவசாயி என்று அரசு கணக்கில் வைக்கிறதோ அவர்களைத் தேடித்தான் கடனும் காப்பீடும் பயிற்சியும் போகின்றன. மேடையில் பேர் சொல்லப்படாதவள் வங்கி வாசலிலும் வெறுங்கையோடு திரும்புகிறாள். அருகிவரும் இனத்தைக் காப்போருக்கு வேறு விருதுகள் உண்டு. அவை இனத்தைக் காத்ததற்கான பாராட்டு. நாம் கேட்பது குடும்பத்தைக் காத்தவளுக்கு.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. ஆடு, கோழி, கலப்புப் பண்ணைக் குடும்பங்களுக்குத் தனித்தனி விருது வேண்டும். பரிசுத் தொகை மாட்டுக்குக் குறையக் கூடாது.

2. பட்டா கேட்கக் கூடாது. யார் உழைக்கிறார்களோ அவர் பெயரில் விருது.

3. கிராம சபையே பெயரை முன்மொழிய வேண்டும்.

4. எத்தனை தலை என்று எண்ணாதே; பஞ்சத்தில் எத்தனை பிழைத்தன என்று எண்ணு.

தோழர்களே, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள். மே 1 அன்று கிராம சபை கூடும். வெறுமனே வேடிக்கை பார்த்துவிட்டு ரயிலேறாதீர்கள். எழுந்து நின்று இந்தத் தீர்மானத்தைக் கொடுங்கள். நம் தாயும் மனைவியும் சகோதரியும் விவசாயிகள் என்று நாமே சொல்லத் தயங்கினால், டில்லி எப்படிச் சொல்லும்?