கணக்குக் காட்டும் விசுவாசம்

கிறிஸ்தவரின் நேர்மை பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் தனிப்பட்ட ஒழுக்கத்தோடு நின்றுவிடுகின்றன. மதுவையும் தவறான உறவையும் விலக்கி, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாமல், தசமபாகமும் கொடுத்துவிட்டால் அவர் சாட்சியுள்ள வாழ்க்கை வாழ்கிறார் என்று சபை ஏற்றுக்கொள்கிறது. இவற்றில் எதுவும் தள்ளத்தக்கது அல்ல. ஆனால் நற்செய்தி நூல்கள் நேர்மையை அளக்கும் இடம் வேறு. லூக்கா 3ஆம் அதிகாரத்தில், தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவரும், வரி வசூலிப்பவர்களான ஆயக்காரர்களிடம் யோவான் ஸ்நானன் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வசூலிக்காதீர்கள் என்கிறார். போர்ச்சேவகர்களிடம், மிரட்டிப் பறிக்காமல் சம்பளத்தோடு திருப்தியடையச் சொல்கிறார். 19ஆம் அதிகாரத்தில் மனந்திரும்பும் ஆயக்காரர் தலைவன் சகேயு கண்ணீர் வடித்ததாகக் குறிப்பு இல்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திருப்பி என்ற கணக்குதான் இருக்கிறது. பிறர் பணமும் பிறர் மீதான அதிகாரமும் ஒருவர் கைக்கு வரும் இடத்தில்தான் அவருடைய விசுவாசம் சோதிக்கப்படுகிறது.

நேர்மையானவர் தன்னை நம்பும்படி கேட்பதில்லை, சரிபார்க்க இடம் கொடுக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய நன்கொடையைக் கொண்டுசெல்லும்போது, அப்போஸ்தலன் பவுலே தனியாக அதைக் கையாளவில்லை. யாரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்பதால் சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டதை கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம் பதிவுசெய்கிறது. இதே நெறியை இருபதாம் நூற்றாண்டில் நடைமுறைப்படுத்திய தமிழர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்; லண்டனில் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தி, அதை விட்டுவிட்டு காந்தியிடம் வந்தவர். 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தபோது, ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவின் கணக்குகள் அவர் பொறுப்புக்கு வந்தன. காந்தியும் அவருடன் வந்தவர்களும் பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தி அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கம் கேட்டு ஒப்புக்கொண்டார். தொழிலையே துறந்து பின்தொடர்ந்த தலைவர் மீது குமரப்பாவுக்கு அவநம்பிக்கை எப்படி இருக்கும்? பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று வாங்கிய பணம் அவர்களுக்கே போக வேண்டும் என்பதில், பெரியவர் சிறியவர் என்ற பேதம் அவருக்கு இருக்கவில்லை.

இப்படிக் கணக்குக் கேட்பது சட்டவாதம், கிறிஸ்தவம் கிருபையின் மார்க்கமல்லவா என்று சிலர் கேட்கலாம். சகேயுவின் கதையிலேயே பதில் இருக்கிறது. அவன் திருந்தும் முன்பே இயேசு அவன் வீட்டுக்குப் போகிறார். திருப்பிக் கொடுத்தது அந்த அன்புக்கான விலையல்ல, அதன் விளைவு. விளைவே இல்லாத கிருபையை என்னவென்று அழைப்பது? இன்னொரு ஆட்சேபம் கனமானது. பட்டா மாற்றவோ சான்றிதழ் வாங்கவோ லஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும் ஏழை விசுவாசியிடம் இப்படிப் பேசுவது நியாயமா? நியாயமில்லைதான். பறிகொடுப்பவனையும் பறிப்பவனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. யோவானின் கண்டிப்பு வரி கொடுத்தவர்கள் மீது விழவில்லை, வசூலித்தவர்கள் மீதே விழுந்தது. ஆகவே கேள்வி முதலில் போக வேண்டியது பள்ளித் தாளாளரிடம், சபைப் பொருளாளரிடம், ஊழியத்துக்கென்று காணிக்கை வாங்குபவரிடம், கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியிடம். அவர்களை யாரும் நெருக்கடியில் தள்ளவில்லை. வாய்ப்புதான் அவர்களைச் சோதிக்கிறது.

சிறுபான்மையினராக இருக்கும் நாம் நம் குறைகளை வெளியே பேசினால் எதிரிகளுக்குத் தீனியாகாதா என்பது மூன்றாவது வாதம். இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் மூடிவைத்ததால் மானம் காப்பாற்றப்படவில்லை. தமிழ்நாட்டில் திருமண்டலத் தகராறுகள் உயர் நீதிமன்றம் வரை போய், நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதியை நியமிக்கும் நிலை வந்திருக்கிறது. சபைக்குள் கேட்க விடாத கேள்வியை நீதிமன்றம் கேட்கிறது, அவ்வளவுதான். குமரப்பா இந்த அச்சத்துக்கு இடம் கொடுக்கவில்லை. 1930இல் சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாது என்ற நிலையை ஆங்கிலிக்கன் திருச்சபையின் இந்தியத் தலைவர் பேராயர் வெஸ்ட்காட் எடுத்தபோது, அதே போதனையை ஆதாரமாக்கி அவருக்கு வெளிப்படையாக மறுப்பு எழுதினார். பிரிட்டிஷ் அரசின் வரவுசெலவை விமர்சித்த அதே கண்டிப்போடு திருச்சபையின் தலைமையையும் பார்த்ததால்தான், அவருடைய நேர்மையைக் கட்சிச் சார்பு என்று யாராலும் தள்ளிவிட முடியவில்லை.

ஆகவே நேர்மையான கிறிஸ்தவ வாழ்வுக்குப் புதிய உபதேசம் தேவையில்லை. ஒவ்வொரு சேகரமும் வரவுசெலவை வெளியாள் தணிக்கையோடு ஆண்டுதோறும் சபையார் முன் வைக்கட்டும். பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுக்கட்டும். கேள்வி கேட்பவரைச் சபை விரோதி என்று ஒதுக்குவதை நிறுத்தட்டும். கணக்குக் கேட்டால் புண்படும் விசுவாசம், கடவுளிடம் கணக்குக் கொடுக்கும் நாள் உண்டு என்று பிரசங்கிக்கத் தகுதி பெறாது.