பெட்டியின் மேல் எழுதாத அட்டவணை

லினக்ஸ் கணினியில் விளையாட்டு நேரலை செய்ய எந்தக் கேப்ச்சர் கருவியை வாங்கலாம் என்று இளைய ஆய்வாளர்கள் கேட்கும்போதெல்லாம் அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு நிறுவனத்தின் பெயரை. மொழியியல் படிக்கும் என்னிடம் இக்கேள்வி வருவதற்குக் காரணம், என் ஒலிப்பதிவுகளையும் உரைத்தொகுப்பையும் பல ஆண்டுகளாக லினக்சிலேயே வைத்து வேலை செய்கிறேன் என்பது மட்டுமே. நான் பெயர் சொல்வதில்லை. கேட்க வேண்டியது, அந்தக் கருவி கணினியோடு எந்த மொழியில் பேசுகிறது என்பதைத்தான். அது தெரியாமல் பத்தாயிரம், இருபதாயிரம் என்று கொடுத்து வாங்குவது, உதவித்தொகை மாதக்கணக்கில் பிந்தி வருவதை இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்ட நம் போன்றோருக்குச் சிறிய இழப்பன்று.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: உங்களுக்குக் கருவியே வேண்டுமா? ஆடும் விளையாட்டு அதே லினக்ஸ் கணினியில் ஓடுகிறதென்றால் வேண்டாம். ஓபிஎஸ் ஸ்டுடியோ 2021இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து வேலேண்ட் திரைகளையும் பைப்வயர் வழியே பிடித்துத் தருகிறது. வல்கன் விளையாட்டுகளின் சட்டகங்களை நேரடியாக எடுத்துக் கொடுக்கும் செருகுநிரலும் இருக்கிறது. வரைகலை அட்டையில் குறியேற்றத்துக்கென்றே தனிப் பகுதி இருப்பதால் ஆட்டத்தின் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை. கருவி தேவைப்படுவது இரண்டே சூழல்களில்: பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் போன்ற கன்சோலின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும், அல்லது ஒரு கணினியில் ஆடி, இன்னொரு கணினியிலிருந்து நேரலை செய்ய வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவர், "கருவி இருந்தால் தரம் கூடும்" என்ற நம்பிக்கையில் வாங்கினால், வராத தரத்துக்கு விலை கொடுக்கிறார்.

தேவை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். யூஎஸ்பி வழியே காணொளி தரும் கருவிகளுக்கென்று பொதுவான நெறிமுறை ஒன்று உண்டு. யூவிசி என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் முதற்பதிப்பு 2003இல் வெளியானது. நம் மடிக்கணினிகளின் வெப்கேம் எந்த மென்பொருளையும் நிறுவாமல் வேலை செய்வது இந்நெறிமுறையால்தான். கருவி செருகப்பட்டவுடன் "நான் காணொளிக் கருவி, இன்னின்ன அளவில், இன்னின்ன வடிவத்தில், நொடிக்கு இத்தனை சட்டகம் தருவேன்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கணினி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. லினக்சில் இம்மொழியைப் புரிந்துகொள்ளும் இயக்கியை லாரன்ட் பின்சார்ட் எழுதினார். 2008இல், கெர்னலின் 2.6.26 பதிப்பில் அது இணைந்தது. அன்று முதல், யூவிசி பேசும் கருவியைச் செய்த நிறுவனம் லினக்ஸ் என்ற சொல்லையே கேள்விப்படாமல் இருந்தாலும், அக்கருவி லினக்சில் ஓடுவதற்குத் தடையில்லை.

இதன் எடை விளங்க ஓர் எடுத்துக்காட்டு போதும். எல்காட்டோ நிறுவனத்தின் எச்டி60 எஸ், எச்டி60 எஸ்+ என்னும் இரு கருவிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் வேறுபாடு ஒரு கூட்டல் குறி. முன்னது தனக்கென்று தனி இயக்கியை எதிர்பார்ப்பது. அவ்வியக்கியை நிறுவனம் லினக்சுக்குத் தரவில்லை. பின்னது யூவிசி பேசுவது. செருகினால் ஓபிஎஸ் பட்டியலில் வந்து நிற்கும். பழைய பொருள் விற்கும் தளங்களில் முன்னது மலிவாகக் கிடைக்கிறது. "எல்காட்டோ நல்லது" என்று யாரோ சொன்னதை நம்பி அதை வாங்கும் லினக்ஸ் பயனர் கையில் கிடைப்பது ஓர் அழகிய காகித எடைக்கல். ஒரு குறியீட்டால் பொருள் முற்றாக மாறுவது மொழி மாணவருக்குப் புதிதன்று. ஆனால் இந்தக் கூட்டல் குறியின் பொருளைப் பெட்டி எங்கும் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

பெட்டி சொல்வது என்ன? "4கே கேப்ச்சர்" என்று சொல்லும். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இத்தொடரைக் கண்டதும் ஐயம் எழ வேண்டும். தயிர்க்குடம் என்றால் தயிரை உடைய குடம் என்று விரிக்கிறோம். உருபும் பயனும் அங்கே மறைந்து நிற்கின்றன. 4கே கேப்ச்சரை எப்படி விரிப்பது? 4கே படத்தை உள்வாங்கும் கருவியா? அப்படத்தைத் தொலைக்காட்சிக்குக் கடத்திவிட்டு, கணினிக்குச் சுருக்கிக் கொடுக்கும் கருவியா? 4கே அளவிலேயே கணினிக்குப் பதிந்து தரும் கருவியா? மூன்றும் மூன்று வெவ்வேறு பொருள்கள், விலையும் வெவ்வேறு. மலிவான கருவிகளில் பெரும்பாலும் முதற்பொருளே உண்மை: 4கே உள்ளே போகும், 1080பி வெளியே வரும். விற்பவர் பொய் சொல்லவில்லை. தொகையை விரிக்காமல் விட்டுவிடுகிறார், அவ்வளவே.

விரித்துப் பார்க்க எளிய கணக்கு போதும். 1080பி படத்தில் 20,73,600 படப்புள்ளிகள். ஒய்யூஒய்வி என்னும் சுருக்கப்படாத வடிவத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஏறத்தாழ 199 கோடி பிட். யூஎஸ்பி 2.0 தடத்தின் உச்சவேகம் நொடிக்கு 48 கோடி பிட்; நடைமுறையில் அதிலும் குறைவு. ஆகவே யூஎஸ்பி 2.0 கருவி எதுவும் சுருக்கப்படாத 1080பி படத்தை 60 சட்டகத்தில் தரவே முடியாது. 30 சட்டகத்திலும் முடியாது. யூஎஸ்பி 3.0 தடத்தின் 500 கோடியில் குறியீட்டுச் செலவு போக 400 கோடி மிஞ்சுகிறது. அதில் 1080பி 60 தாராளமாகச் செல்லும். 4கே படத்தைப் புள்ளிக்கு 12 பிட் என்று குறைத்துக்கொண்டாலும் 60 சட்டகத்துக்கு 597 கோடி வேண்டும். அங்கே யூஎஸ்பி 3.0 போதாது, 30 சட்டகத்துக்குப் போதும். எந்த விளம்பரத்தையும் இந்தக் கணக்கின் முன் நிறுத்திப் பாருங்கள். பாதி விளம்பரங்கள் அங்கேயே நின்றுவிடும்.

சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும், பெயரில்லாத, கட்டைவிரல் அளவு கருவிகளைப் பற்றி இனிச் சொல்லலாம். அவற்றுள் மிகப் பலவற்றின் உள்ளே இருப்பது மேக்ரோசிலிக்கன் நிறுவனத்தின் எம்எஸ்2109 சில்லு. யூஎஸ்பி முனை நீல நிறத்தில் இருக்கும்; "யூஎஸ்பி 3.0" என்றும் அச்சிட்டிருக்கும், சில்லு பேசுவதோ யூஎஸ்பி 2.0. நீலம் பிளாஸ்டிக்கின் நிறம் மட்டுமே. முனையத்தைத் திறந்து "எல்எஸ்யூஎஸ்பி" கட்டளையை "-டி" தெரிவோடு கொடுத்தால் உண்மை தெரியும்: அக்கருவியின் வரியில் 5000 என்ற எண் இருந்தால் யூஎஸ்பி 3, 480 இருந்தால் 2. இச்சில்லு 1080பி படத்தைச் சுருக்காமல் தருவது நொடிக்கு 5 சட்டகம். ஒவ்வொரு சட்டகத்தையும் ஜேபெக் படமாகச் சுருக்கும் எம்ஜேபெக் வடிவத்தில் 30. ஓபிஎஸ் தானாக ஒய்யூஒய்வியைத் தேர்ந்துகொண்டு படம் தத்தித் தத்தி நகரும்போது, கருவி பழுதென்று திருப்பியனுப்புபவர்கள் உண்டு. வடிவத்தை எம்ஜேபெக் என்று மாற்றினால் சிக்கல் தீர்ந்தது.

இச்சில்லில் இன்னொரு கோளாறும் இருந்தது. தன் ஒலியை 96 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்று அது அறிவிக்கும். உண்மையில் அனுப்புவது 48 கிலோஹெர்ட்ஸ், இரட்டைத் தடம். கருவி தன்னைப் பற்றியே தவறாகச் சொல்கிறது. 2020இல் தன்னார்வ நிரலாளர் ஒருவர் இதைக் கண்டறிந்து, கெர்னலின் ஒலி இயக்கியில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார். உற்பத்தியாளரைக் கேட்காமல், வாங்கியவர் எதையும் நிறுவாமல், உலகெங்கும் அக்கருவி வைத்திருந்த லினக்ஸ் பயனர் அனைவருக்கும் கோளாறு சரியாயிற்று. பொதுமொழி பேசும் கருவிக்கே இது கைகூடும். தனி இயக்கியை நம்பியிருக்கும் கருவியில் இக்கோளாறு இருந்திருந்தால் நிறுவனத்தின் இரக்கத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்நிறுவனம் அம்மாதிரியைக் கைவிட்டிருந்தால் காத்திருப்பதிலும் பொருளில்லை.

ஆகவே, நேரலை செய்து பழகத் தொடங்கும் மாணவருக்கு எம்எஸ்2109 கருவியையே நான் பரிந்துரைப்பேன். 30 சட்டகம் போதாதா என்று முதலில் பாருங்கள். ட்விட்ச் தளம் 1080பி 60க்குப் பரிந்துரைக்கும் பதிவேற்ற வேகம் நொடிக்கு 6 மெகாபிட். விடுதி வைஃபையில் மாலை எட்டு மணிக்கு அது நிலையாகக் கிடைக்குமா என்பது உங்களுக்கே தெரியும். எப்படியும் சுருக்கப்படப்போகும் படத்தில், எம்ஜேபெக் தரும் சிறு கலங்கலைப் பார்வையாளர் கண்டுகொள்ளப்போவதில்லை. சண்டை, பந்தய விளையாட்டுகளுக்கு 60 சட்டகம் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் எம்எஸ்2130 போன்ற யூஎஸ்பி 3 சில்லுள்ள கருவியை, வேகத்தை மேற்சொன்ன கட்டளையால் உறுதிசெய்துகொண்டு வாங்கலாம். அதற்கு மேல் போகும்போது மேஜ்வெல் போன்றவர்களின் யூவிசி கருவிகள் இருக்கின்றன. அவை திடமானவை. விலை ஆய்வு மாணவருக்கு உரியதன்று.

உள்ளே பொருத்தும் அட்டைகளைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. பிளாக்மேஜிக்கின் டெக்லிங்க் அட்டைகளுக்கு நிறுவனமே லினக்ஸ் இயக்கி தருகிறது. ஓபிஎஸ் அவற்றை நேரடியாக அறியும். தொழில்முறைக் கூடத்துக்கு அது நல்ல தேர்வு. ஆனால் அவ்வியக்கி கெர்னலுக்கு வெளியே வாழ்வது. கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது அதற்கேற்ப மீண்டும் கட்டப்பட வேண்டும். கட்டப்படாத நாளில் நேரலை இல்லை. அதைப் பராமரிக்க ஆளும் நேரமும் உள்ளவர்களுக்கே அது பொருந்தும்.

"லினக்ஸ் பயனர்கள் எத்தனை பேர்? அவர்களுக்காக நிறுவனம் ஏன் உழைக்க வேண்டும்?" என்று நண்பர்கள் வாதிடுவதுண்டு. வாதம் நியாயமானதே, ஆனால் நான் கேட்பது உழைப்பையன்று. யூவிசி லினக்சுக்கான சலுகையும் அன்று. விண்டோஸ், மேக் எல்லாம் பேசும் பொதுமொழி அது. ஆவணத்தை யாரும் தரவிறக்கிப் படிக்கலாம். பொதுவென்று பெயர் கொண்ட எல்லாமே அப்படித் திறந்து கிடப்பதில்லை: 2024இல் ஏஎம்டி எழுதிய திறமூல எச்டிஎம்ஐ 2.1 செயலாக்கத்தை எச்டிஎம்ஐ மன்றம் ஏற்க மறுத்தது. அக்கதவு மூடியிருக்கும்போது, திறந்திருக்கும் கதவையாவது பெட்டியின் மேல் குறிப்பிடலாமே என்பதுதான் என் கோரிக்கை. யூவிசி உண்டா இல்லையா; எந்த வடிவத்தில், எந்த அளவில், எத்தனை சட்டகம்; யூஎஸ்பி எந்தத் தலைமுறை; உள்ளே எந்தச் சில்லு. நான்கு வரி அட்டவணை. கருவி செருகப்பட்டவுடன் கணினியிடம் தானே ஒப்பிக்கும் செய்தியை, காசு கொடுப்பவரிடம் மறைப்பதற்கு வணிகக் காரணம் இருக்கலாம். நேர்மையான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வாங்குமுன் கவனிக்க வேண்டிய சிறு செய்திகள் சில. கணினித் திரையில் தெரியும் முன்னோட்டத்தைப் பார்த்து ஆடாதீர்கள். படம் சற்றுப் பிந்தியே வரும். தொலைக்காட்சிக்குத் தனி எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள கருவியை வாங்குங்கள், இல்லையேல் பிரிப்பான் ஒன்று தேவைப்படும். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் எச்டிசிபி என்னும் நகல்தடுப்பை அமைப்புகளில் நிறுத்தாவிட்டால் கறுப்புத் திரைதான் கிடைக்கும். பிஎஸ்3இல் எச்டிஎம்ஐ வழியே அதை நிறுத்த வழியே இல்லை. வெப்கேமும் கேப்ச்சர் கருவியும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் இருந்தால், "கருவியில் இடமில்லை" என்ற பொருள்படும் பிழைச்செய்தி வரலாம். வன்தட்டைத் துழாவ வேண்டாம். அங்கே தீர்ந்துபோனது யூஎஸ்பி தடத்தின் கொள்ளளவு. ஒன்றை வேறு துளைக்கு மாற்றினால் போதும்.

பொருள் கைக்கு வந்தவுடன், திருப்பியனுப்பும் காலம் முடியுமுன், "வி4எல்2-சிடிஎல்" கட்டளையை "--லிஸ்ட்-ஃபார்மட்ஸ்-எக்ஸ்ட்" தெரிவோடு ஓட்டுங்கள். பெட்டி எழுத மறந்த அட்டவணை முழுதும் திரையில் விரியும். விளம்பரத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அன்றே திருப்பியனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே கருவி வைத்திருக்கும் நண்பர்கள், அக்கட்டளை தரும் பட்டியலையும் சில்லின் அடையாள எண்ணையும் இப்பதிவின் கீழ் இடுங்கள். வந்தவற்றை வார இறுதியில் ஒரே அட்டவணையாகத் தொகுத்து இங்கேயே வெளியிடுகிறேன்.