ஒரு ஊசிக்கு எத்தனை குழந்தைகள்?

பாகிஸ்தானில், சிந்து மாகாணத்து லார்க்கானா ஜில்லாவில், நெல் விளையும் பூமியில் இருக்கிறது ரத்தோதேரோ. 2019 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை அங்கே 31,239 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 930 பேருக்கு எச்.ஐ.வி. கிருமி! அவர்களில் 763 பேர் 16 வயது நிரம்பாதவர்கள்; அதிலும் 604 பேர் 5 வயதுக்கு மேற்படாத பச்சைக் குழந்தைகள். காய்ச்சல் என்று பெற்றோர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு குழந்தைக்குப் போட்ட ஊசியையே அடுத்த குழந்தைக்கும் போட்டதுதான் முக்கியக் காரணம். ஒரு டாக்டரைக் கைது செய்தார்கள். அந்த வழக்கம் அவர் ஒருவரோடு நின்றதா என்ன?

ஒருமுறை மருந்தைச் செலுத்தியதும் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுத்தால் முறிந்துவிடும் ஊசிக்குழலை பிரிட்டனைச் சேர்ந்த மார்க் கோஸ்கா என்பவர் எப்போதோ உருவாக்கிவிட்டார். அவர் தொடங்கிய சேஃப்பாயிண்ட் என்னும் தர்ம ஸ்தாபனம், பழைய ஊசியின் ஆபத்தை ஏழை நாட்டு மக்களிடையே பிரசாரம் செய்தது, சர்க்கார்களிடமும் மன்றாடியது. நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் தர்மம் எவ்வளவு தூரம் போகும்? தடுப்பூசிக்கு இத்தகைய குழலே வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் 1999-லேயே கூறின. தடுப்பூசியோ, போடப்படும் ஊசிகளில் நூற்றுக்கு 5தான்; சிகிச்சைக்குப் போடுவது 90. அதற்கும் வேண்டும் என்று சொல்ல 2015 ஆயிற்று. விலை இரு மடங்காம். சில காசு வித்தியாசம்!

பாகிஸ்தான் சர்க்கார் பழைய ரகக் குழலுக்குத் தடை போட்டது 2021-ல். ரத்தோதேரோக் குழந்தைகள் ஆயுள் முழுவதும் தினமும் மருந்து சாப்பிட்டாக வேண்டும். அந்த மருந்து ஒரு நாளும் தவறாமல் கிடைக்கச் செய்ய வேண்டியது சர்க்கார்தான்.