பழைய கம்ப்யூட்டர் என்றால் இளக்காரமா?

2025 அக்டோபரில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓர் அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ம் தேதியோடு ஆதரவு முடிகிறது என்று. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான், இது செத்துப்போச்சு. காயலான் கடைக்குப் போட்டுட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். பழுது பார்க்கும் கடைக்காரர் ஒரு படி மேலே போய், "இதுல பதினொண்ணு ஏறாதும்மா. முப்பத்தஞ்சாயிரத்துல புதுசா எடுத்துக்கோங்க. பழசுக்கு ஐந்நூறு தர்றேன்" என்றார்.

முப்பத்தைந்தாயிரம்! ஏரியில் இறால் பட்டால் உண்டு, முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் அதுவும் இல்லை என்றிருக்கும் பழவேற்காட்டுக் குப்பத்துக்காரியிடம் இதைச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ!

அந்தக் கம்ப்யூட்டர் 2014-ல் செய்தது. சென்னையில் என் கொழுந்தனார் வேலை பார்த்த கம்பெனியில் பழசை ஏலம் விட்டபோது ஆறாயிரத்துக்கு வாங்கி வந்து கொடுத்தார். மிக்ஜாம் புயல் மழையின்போது (2023 டிசம்பர்) வீட்டுக்குள் தண்ணீர் வருமோ என்று பயந்து, முதலில் தூக்கிக் கட்டில் மேல் வைத்தது அதைத்தான். ஏனென்றால் அதற்குள் இருப்பது எங்கள் மகளிர் குழுவின் கணக்கு. நண்டும் கருவாடும் விற்கும் பதினான்கு பெண்களின் சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் 2009-லிருந்து அதில்தான் இருக்கிறது. கடன் புதுப்பிக்க வேண்டுமென்றால் பேங்கில் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

சகோதரிகளே, முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதரவு முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். ஆனால் அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது. படகில் ஓட்டை விழுந்தும் தார் பூசாமல் கடலுக்குப் போகிற மாதிரி. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆனது. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆகவே "ஓடுதே, அப்புறம் என்ன?" என்று பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் தப்பு.

சரி, விண்டோஸ் 11 ஏன் ஏறாது? அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேண்டும். எங்களுடையது நான்காவது. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்கிறார்கள். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் தொடர்ந்து வருமென்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. விண்டோஸ் 10-க்கே வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதாக ஒரு ஏற்பாடு உண்டு. கடைக்காரர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை! ஆனால் ஒரு வருஷம்தானே, அதற்குப் பிறகு மறுபடி இதே பாடு.

எனக்குப் பணத்தைவிடப் பயம் வேறொன்று. இரண்டு வருஷம் முன்பு என் நாத்தனார் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்த பையன் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் அடித்து, பளிச்சென்று புதுசாக்கிக் கொடுத்துவிட்டான். மாமனார் இறப்பதற்கு முந்தின பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளோடு பேசி எடுத்த வீடியோ அதில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை. "ஃபோட்டோ எல்லாம் இருக்குன்னு நீங்க சொல்லலியே" என்றானாம். நாத்தனார் இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவார். கொண்டுபோய்க் கொடுத்தது அவர் கணவர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. தெரிந்த என் நாத்தனாரிடம் யாரும் கேட்கவில்லை.

அதனால் நான் கடைக்குக் கொடுக்கவில்லை. என் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். பன்னிரண்டாவது படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பழகியவன். 2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்து லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதே மாதிரி ஆதரவு முடிந்தபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களுக்கே இந்த 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொன்னது. ஆக, இது ஒன்றும் பையன்கள் விளையாட்டு அல்ல.

அவன் பெட்டியைத் திறந்ததும், "அத்தை, உப்புக் காத்துல பச்சை பூத்துக் கெடக்கு பாரு" என்றான். கடலோரத்தில் ஆணியே மூன்று வருஷத்தில் துருவாகிறது, இது எம்மாத்திரம். பிரஷ்ஷால் தூசி தட்டி, ராம் என்கிற பட்டையைக் கழற்றி, பிள்ளைகள் எழுதும் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்தான். அதற்கே பாதி வியாதி போய்விட்டது. இன்னொரு நாலு ஜிபி ராமும், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டியும் போட்டோம். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள்தான் ஆயிற்று. பழைய டிஸ்க்கை அழிக்கவே இல்லை, துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். கணக்கை இரண்டு பென்டிரைவிலும் எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் அவனைத் தொடவே விட்டேன்.

லினக்ஸை உடனே ஏற்ற வேண்டியதில்லை. பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் பிடுங்கிவிடலாம். புடவைக் கடையில் மேலே போட்டுப் பார்ப்பது போலத்தான்! அப்படி ஓட்டிப் பார்த்தபோதுதான் என் வயிறு கலங்கியது. குழுக் கணக்கைத் திறந்தால் ஒரே கிறுக்கல். எண்கள் சரியாக இருந்தன, ஆனால் ஒரு பெண்ணின் பெயர்கூடப் படிக்க முடியவில்லை. 'அம்மா' என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. பதினாறு வருஷக் கணக்கு போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நான் அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் டைப் அடித்துவிட்டேன். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. புதிய இடத்தில் அந்தப் போர்வை இல்லாததால் உள்ளே இருந்தது தெரிந்துவிட்டது. பழைய விண்டோஸிலிருந்து பாமினியை எடுத்து இதில் போட்டதும் பெயர்கள் பழையபடி வந்துவிட்டன. பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். தமிழக அரசே 2010-ல் யூனிகோடுதான் என்று ஆணை போட்டுவிட்டது. நான்தான் பழக்கதோஷத்தில் மாறாமல் இருந்திருக்கிறேன். பழைய எழுத்துருவில் கடிதம், கணக்கு வைத்திருக்கும் சகோதரிகள், கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். பிரிண்டர் இரண்டு நாள் முரண்டு பிடித்தது. கைரேகை மெஷின் வைத்து வேலை செய்பவர்கள் அது லினக்ஸில் ஓடுமா என்று பார்த்த பிறகுதான் மாற வேண்டும். தமிழ் 99 விசைப்பலகையில் என் விரல் இன்னும் தடுமாறுகிறது.

"எல்லாம் போன்லயே வருதே, இது எதுக்கு?" என்று என் குழுவிலேயே கேட்டார்கள். பதினான்கு பேர் கணக்கைப் போனில் போட்டுப் பார்த்தால் தெரியும் எதற்கென்று! 1990களின் கடைசியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்தில், கம்ப்யூட்டரில் அலையின் உயரத்தைப் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அப்போதைய கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் என் வீட்டுப் பழசு பெரிய ராட்சசன். அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு ஒரே ஆதங்கம், இந்த மாதிரி வேலைகளை ஊரில் பையன்களுக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். குழுப் பயிற்சி என்றால் தையல், ஊறுகாய், பனை ஓலைக் கூடை என்றே போகிறது. கணக்கை எப்படி நகல் எடுத்து வைப்பது என்று அரை நாள் சொல்லிக் கொடுத்தால் என்ன? எங்கள் குழுவில் நாங்களே ஆரம்பித்துவிட்டோம். மாதக் கூட்டம் முடிந்ததும் ஒருத்தி மாற்றி ஒருத்தி பென்டிரைவில் நகல் எடுக்கிறோம், எடுத்தவள் வீட்டிலேயே அது அடுத்த கூட்டம் வரை இருக்கும்.

என் கணவர் இப்போது ஹைதராபாத் இன்காய்ஸ் கொடுக்கும் அலை எச்சரிக்கையைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, "ஏ, அந்தச் செத்துப்போனதைக் கொஞ்சம் போடு, காத்து இன்னா சொல்லுதுனு பாக்கலாம்" என்கிறார்.

- குழுக் கணக்கு எழுதும் வாசகி, பழவேற்காடு.