குளத்து மீனின் பிடிவாதம்

மீன் விஷயம் என்றதும் "நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்ட எண்ணும் சைவ அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இது சமையல் குறிப்பன்று. கடுகளவான ஒரு வஸ்துவின் கதை.

கட்லா, ரோகு, மிருகால் என்னும் மூன்றும் கெண்டை இனத்தைச் சேர்ந்த நதி மீன்கள். குளத்தில் விட்டால் நன்றாகத் தின்னும், கொழுக்கும், பெண் மீனின் வயிற்றில் முட்டையும் நிறையும். ஆனால் முட்டையிட மட்டும் மாட்டா! மழைக் காலத்து நதியின் புது வெள்ளமும் ஓட்டமும் மேலே பட்டாலன்றி, அவற்றின் மூளை அதற்கு உத்தரவு கொடுப்பதில்லை. காலம் கடந்தால் முட்டைகளெல்லாம் தாயின் உடலிலேயே கரைந்து போகும்.

ஆகவே மீன் வளர்ப்போர் நதியையே நம்பியிருந்தனர். ஆனி, ஆடி மாதங்களில் வங்காளத்து ஆறுகளில் வலை கட்டி, வெள்ளத்தோடு வரும் குஞ்சுகளை அள்ளி விற்பவர்கள் உண்டு. ஊசிமுனை போன்ற அந்தக் குஞ்சுகளில் எது ரோகு, எது மற்ற மீன்களை விழுங்கும் துஷ்ட மீன் என்று யாரால் சொல்ல முடியும்? பணம் கொடுத்துப் பானை நிறைய வாங்கிய ஏழைக் குடியானவன், பல மாதம் கழித்து வலை வீசும்போதுதான், தான் யாருக்குச் சோறு போட்டு வளர்த்தோம் என்பதை அறிவான்.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் டாக்டர் ஹீராலால் சௌதுரி. 1921-ம் வருஷம் ஸில்ஹெட் பிரதேசத்தில் பிறந்தவர். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. முட்டையிடும் உத்தரவு அதன் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. மூளை வாளாவிருந்தால் என்ன? வேறொரு மீனின் சுரப்பியை எடுத்து, அதன் சாரத்தை ஊசி மூலம் ஏற்றினால் போதாதா? 1930-களிலேயே பிரேஸில் நாட்டினர் தங்கள் மீன்களிடம் இதைச் செய்து வெற்றி கண்டிருந்தனர். நம் கெண்டைகள் இணங்கியது 1957-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி, ஒரிஸாவிலுள்ள அங்குலில். உடனிருந்து உழைத்தவர் கே. எச். அலிகுன்ஹி.

செய்முறையைக் கேளுங்கள். முதிர்ந்த மீனின் தலையிலிருந்து சுரப்பியை எடுத்து, சுத்த ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள். வேண்டியபோது அரைத்து நீரில் கலக்கித் தெளிவை இறுத்துக் கொள்வார்கள். மீனின் எடையில் கிலோ ஒன்றுக்குச் சில மில்லிகிராம்தான் அளவு. மாலையில் பெண் மீனுக்கு ஓர் ஊசி. ஆறு மணி நேரம் சென்று இன்னொன்று. அப்போது ஆணுக்கும் ஒன்று. பிறகு நீரில் கட்டிய துணித் தொட்டிக்குள் விடுவார்கள். பொழுது விடிவதற்குள் தொட்டியில் லட்சக்கணக்கான முட்டைகள்!

ஆனால் ஊசி மட்டும் போதாது. தாய்க்குச் சத்தான ஆகாரம் இல்லாவிட்டால் முட்டையே பருவத்துக்கு வராது. அளவுக்கு மீறி ஊட்டினாலோ வயிற்றில் கொழுப்புக் கட்டிக் கொள்ளும். கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சம பாகம் என்பது பழைய கணக்கு. முட்டை பொரித்து மூன்று நாள் வரையில் குஞ்சு தன் வயிற்றிலுள்ள கருவுணவிலேயே ஜீவிக்கும். அதன் பிறகு குளத்து நீரில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் இருக்க வேண்டும்; அவற்றை உண்டாக்கச் சாணம் போட வேண்டும். குஞ்சுகளைக் கடித்துத் தின்னும் நீர்ப்பூச்சிகளை ஒழிப்பதற்கு எண்ணெயும் சோப்பும் கரைத்து நீர்மேல் தெளிப்பார்கள். நம் வீட்டுச் சாமான்களே இங்கே விஞ்ஞானத்துக்குக் கை கொடுப்பது எனக்குப் பெரிய திருப்தி.

சௌதுரி பிற்பாடு பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலும் இவ்வேலையைப் பரப்பி, 2014-ல் காலமானார். ஜூலை 10-ந் தேதி இப்போது தேசிய மீன் வளர்ப்போர் தினம். மீன் தலைகளைப் பிளந்து சுரப்பி தேடும் சிரமமும் பெரும்பாலும் ஒழிந்தது. ரஸாயன முறையில் செய்த மருந்தே குப்பியில் கிடைக்கிறது.

எனினும் ஒரு குறை நேர்ந்தது. குஞ்சு பொரிக்கும் பண்ணைக்காரர் பலர் ஒரே குடும்பத்து மீன்களையே தலைமுறை தலைமுறையாகக் கூட்டிவைத்ததில் வளர்ச்சி குன்றியது. ஆகவே புவனேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தார், நார்வே விஞ்ஞானிகளின் துணையுடன், கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி ஆகிய ஐந்து நதிகளிலிருந்து ரோகு மீன்களைத் தருவித்துப் பொறுக்கி எடுத்து, வேகமாய் வளரும் புது வம்சம் ஒன்றை உண்டாக்கினர். சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டாகிய 1997-ல் அதற்கு 'ஜயந்தி' என்று பெயர் சூட்டினார்கள்.